ஆயிரத்தெண்ணூறு மைலும் கடைசி நாற்பத்து மூன்று மைலும்

சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ ஆகாய விமானத்தில் வருகிறவரை மீனம்பாக்கத்தில் எதிர்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் அழைத்துப்போக வேண்டியவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. போன ஐப்பசியில் நான் அப்படி ஒருவரை அழைத்துப்போனேன். பாதை, நேரம், செலவு எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

முதலில் என்னைப் பற்றி. பொன்னேரியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான். குடியிருக்கும் அறை சுல்தான் மரைக்காயருடையது. அவருக்குப் பொன்னேரியில் துணிக்கடை, வீடு பழவேற்காட்டில். அவருடைய அண்ணன் காசிம் மரைக்காயர் சிங்கப்பூரில் கைலிக் கடை வைத்திருக்கிறார். அவர் ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. புறப்பட்டபோது ஒன்பது வயதாக இருந்த மகள் ஜைனபுக்கு இப்போது பதினெட்டு. அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை ரங்கூனுக்குக் கப்பலேற வேண்டியவர், ஆகவே சனிக்கிழமை வைத்த நிக்காஹைத் தள்ளிப்போட வழியில்லை. கடையை விட்டுவிட்டுக் கப்பலில் வர அவகாசம் இல்லாததால் காசிம் மரைக்காயர் விமானத்தில் வருவதாக எழுதினார். அந்தக் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான்.

சுல்தான் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். "சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கே புறப்படும். ஏழரை மணி நேரம் பறக்கும் என்கிறார்கள். வழியில் ஏதேனும் தடங்கலாகி நான் வராவிட்டால் என் இடத்தில் தம்பி நின்று முடித்துவைக்கவும்" என்று அதில் இருந்தது.

"சார், நீங்கதான் கணக்கு போட்டுக் குடுக்கணும். நிக்காஹ் எத்தன மணிக்கு வெச்சிக்கலாம்?" என்றார் சுல்தான்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று ஆசைப்படுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூலை வைத்து அளந்தேன். சிங்கப்பூரிலிருந்து சென்னை ஆயிரத்தெண்ணூறு மைல் வந்தது. ஏழரையால் வகுத்தால் மணிக்கு இருநூற்று நாற்பது மைல். காலை ஆறோடு ஏழரையைக் கூட்டினால் பகல் ஒன்றரை. ஒன்றரைக்கு இறங்கினால் சுங்கச் சோதனை முடிய இரண்டே கால், சென்ட்ரலில் மூன்று, மூன்று இருபதுக்கு ரயில், பொன்னேரியில் நாலே கால், அங்கிருந்து ஜட்காவில் பதினொரு மைல், பழவேற்காட்டில் ஆறே கால்; மீனம்பாக்கத்திலிருந்து மொத்தம் நாற்பத்து மூன்று மைல். இதை அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் நிக்காஹ் என்று சுல்தான் முடிவு செய்துவிட்டார். கல்யாண வேலையை விட்டு அவரால் நகர முடியாது, அண்ணனை அழைத்துவர நானே போவேன் என்று சிங்கப்பூருக்கும் தெரிவித்துவிட்டார்.

"கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், மழைக்காலம்" என்று சொல்லத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "மெட்ராஸ் வந்துட்டா ஊட்டுக்கு வந்துட்ட மாதிரி சார். அப்பறம் இன்னா தூரம்?"

அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். கடல் தாண்டிப் பிழைக்கிறவர்களுக்குக் கரையிலிருந்து கரைவரைதான் தூரம். கரைக்கு இந்தப் பக்கம் இருப்பதை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் என் கணக்கில் இருந்த தவறு அதைவிடப் பெரிது. இந்நேரம் அதைக் கண்டுபிடித்துவிட்ட வாசகர் என் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் பொன்னேரியில் வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு, பதினோரு அணா. பத்தே முக்காலுக்குச் சென்ட்ரல். விமானம் ஒன்றரைக்குத்தானே என்று மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து பழைய அட்லஸ் ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மூன்று ரூபாய் என்றார். முக்கால் மணி நேரம் வாதாடி இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து மீனம்பாக்கம், நான்கு அணா. விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே கால். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு தகரப் பெட்டியின் மேல் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கோட்டு, மடியில் குடை. முகம் சுல்தானுடையது, பத்து வயது கூட்டி. அருகில் போய், "நீங்கள் காசிம் மரைக்காயரா?" என்றேன்.

"ஆமா. வாத்தியார் சாரா? வாங்க வாங்க. நீங்க வர்லியோன்னு பயந்துக்கினு இருந்தேன். பன்னண்டே காலுக்கே வெளிய வந்துட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "விமானம் முன்னாலேயே கிளம்பிவிட்டதா?"

"இல்லியே, கரெக்டா ஆறு மணிக்குக் கெளம்பிச்சு. இங்க பதினொன்னரைக்கு எறங்கிச்சு. ஏழரை மணி நேரம் ஒரே குலுக்கலு. எறங்கறதுக்கு முன்னாடி அதுல வேலை செய்யற பொண்ணு வந்து, வாட்ச ரெண்டு மணி பின்னால திருப்பிக்கங்கன்னு சொல்லிச்சு. திருப்பிக்கினேன்."

கக்கத்தில் இருந்த அட்லஸ் அப்போது கனத்த கனம் எனக்குத்தான் தெரியும். மலேயா நேரம் நம் நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது. வருஷா வருஷம் கரும்பலகையில் கோடு போட்டு, கிழக்கே சூரியன் முன்னால் உதிக்கும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். இருபத்து நான்கு பாகை வித்தியாசத்துக்குச் சூரியக் கணக்கில் தொண்ணூற்றாறு நிமிடம்தான் வரும், ஆனால் இரு தேசத்துக் கடிகாரங்களும் வைத்துக்கொண்ட வித்தியாசம் நூற்றிருபது நிமிடம் என்றுகூட எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும், ஒரு குடும்பம் நம்பிக் கேட்டபோது கடைக்காரர் போல ஆறும் ஏழரையும் பதிமூன்றரை என்று கூட்டிக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் பொய்யும் சொன்னேன். "ரயில் தாமதம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

சரி, என்ன நஷ்டம், நான் எழுதிக் கொடுத்த நேரப்படியேதானே போகிறோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். டாக்ஸிக்கு ஆறு ரூபாய், பதினொரு மைல். மழையில் சைதாப்பேட்டைப் பக்கம் ஊர்ந்ததில் சென்ட்ரல் சேர இரண்டு இருபது. மூன்று இருபது வண்டியில் இருவருக்கும் நல்ல இடம் கிடைத்தது.

ரயிலில் என் குணம் தலைகாட்டியது. மனதில் உறுத்தல் இருந்தாலும் விமானத்தில் வந்தவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. எவ்வளவு உயரம், காது அடைத்ததா, கடல் எந்த நிறத்தில் தெரிந்தது, வழியில் நிலம் ஏதும் தென்பட்டதா என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். நான்கு விசிறி வைத்த விமானமாம். சத்தத்தில் பக்கத்து ஆளோடு பேச வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டுமாம். கொஞ்ச நேரம் பச்சையாகத் தீவு தெரிந்ததாம், பிறகு முழுக்கத் தண்ணீர். நாஷ்டாவுக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்தார்கள், முட்டையை மட்டும் சாப்பிட்டாராம். டிக்கெட் விலையைக் கேட்டேன். "அத்த மட்டும் கேக்காதீங்க சார். ஊட்ல தெரிஞ்சா கல்யாணச் செலவவிட இதப்பத்திதான் பேசுவாங்க" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "ஒம்போது வருஷமா எல்லா காரியத்துக்கும் டப்புதான் அனுப்பிச்சேன். இந்தக் காரியத்துக்கு மட்டும் கைய அனுப்பணும்னு நெனச்சேன். மாப்ள கையப் புடிச்சி, என் பொண்ண உங்களுக்கு நிக்காஹ் செஞ்சி குடுக்கறேன்னு அத்தாதான் சொல்லணும். தம்பி சொன்னாலும் செல்லும். ஆனா நான் சொல்லணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலு இருபத்தைந்துக்குப் பொன்னேரி. ஜட்கா ஸ்டாண்டில் கோவிந்தன் ஒருவன்தான் நின்றிருந்தான். பழவேற்காடு என்றதும் கையை விரித்தான்.

"தரைப்பாலத்து மேல இடுப்பு மட்டும் தண்ணி போவுது சார். குதிர நிக்காது. மூணு மணி வரிக்கும் ஓட்டிக்கினுதான் இருந்தேன். ரெண்டே காலுக்கு இங்க வந்து நின்ன வண்டில எறங்கினவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. இன்னா சார் நீங்க, அந்த வண்டில வந்திருக்கக் கூடாதா?"

பன்னிரண்டே காலுக்கு நான் மீனம்பாக்கத்தில் நின்றிருந்தால் அந்த வண்டியில்தான் வந்திருப்போம். தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்கு ஓடினேன். மழையில் எங்கோ கம்பி அறுந்து கிடக்கிறது, பழவேற்காட்டுக்குப் போகாது என்றார்கள். திரும்பி வருவதற்குள் கோவிந்தன் பெரியவருக்கு வேறு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மணி பாசஞ்சர்ல கும்மிடிப்பூண்டி போங்க. அங்கேர்ந்து மாட்டு வண்டில சுண்ணாம்புக்குளம். ஏரி ஓரம் படகு கெடைக்கும். வாட அடிக்குது, பாய் போட்டா சர்ருனு பழவேற்காடு எறக்கிடுவான். ஆனா இப்ப இல்ல, காலைலதான். இருட்டுல எவனும் எடுக்க மாட்டான்."

காசிம் மரைக்காயர் யோசிக்கவே இல்லை. "கும்மிடிப்பூண்டிக்கே போவலாம் சார்" என்றார். நிக்காஹ் முடிந்த பிறகுதான் போய்ச் சேரப்போகிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது மணி ஐந்து நாற்பது. ரயிலடிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு, மாடியில் படுக்க ஆளுக்கு நான்கு அணா. கோரைப்பாய்தான், ஆனால் கூரை ஒழுகவில்லை. மூட்டைப்பூச்சியும் குறைவு. பெரியவர் முகம் கை கால் கழுவிக்கொண்டு மாடி மூலையில் மக்ரிப் தொழுதார். முடித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இந்நேரம் தம்பி புடிச்சிருப்பான்" என்றார். அவ்வளவுதான். சாப்பிட வரவில்லை. நானும் இரண்டு கவளத்துக்கு மேல் உண்ண முடியாமல் எழுந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு இரட்டை மாட்டு வண்டி, மூன்று ரூபாய். சுண்ணாம்புக்குளம் ஒன்பது மைல் என்பது வண்டிக்காரர் கணக்கு. பத்து இருக்கும் என்பது என் முதுகின் கணக்கு. எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையில் எல்லப்பன் என்கிற படகுக்காரர் வலையை மடித்துக்கொண்டிருந்தார். பழவேற்காடுவரை மூன்று ரூபாய் கேட்டார். மரைக்காயர் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். எட்டரைக்குப் புறப்பட்டோம். ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல் நிறம். ஆழம் என்னவோ பல இடங்களில் நெஞ்சு மட்டும்தான், நீண்ட கழியை ஊன்றினால் தரை தட்டுகிறது. வாடைக்காற்று பாயைப் பிடித்ததும் எல்லப்பன் கழியை உள்ளே போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து நைனா வரீங்க?"

"சிங்கப்பூரு."

"எத்தினி நாளாச்சு?"

"நேத்து காலைல கெளம்பினேன்" என்றார் மரைக்காயர்.

எல்லப்பன் இவர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விமானம், ஆயிரத்தெண்ணூறு மைல், ஏழரை மணி நேரம் என்று நான் விளக்கினேன். அவர் பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியபடி, "அப்போ மீதி நேரமெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. மரைக்காயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரயில் தாமதமில்லை, கூட்டலில் இரண்டு மணி நேரத்தை நான்தான் தொலைத்தேன், நீங்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தபோது நான் அட்லஸுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், உங்கள் கையை நான்தான் தடுத்துவிட்டேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "தெரியும் சார். நேத்து நீங்க விமானம் முன்னாலயே கெளம்பிச்சான்னு கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சு. வாட்ச திருப்பச் சொன்னப்போ எனக்கே சுருக்குன்னுது. அடடா, இத்த காயிதத்துல எழுதலியேன்னு. எத்தன மணிக்கு எறங்குவேன்னு ஒரு வரி எழுதியிருந்தா உங்களுக்கு இந்தப் பேஜாரே இல்ல. பாதித் தப்பு என்னுது." பிறகு, "கோவம் இருந்துச்சு சார். இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க இருந்துச்சு" என்றார்.

பதினொன்று பத்துக்குப் பழவேற்காட்டுக் கரை. சுல்தான் குடையோடு அங்கேயே நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அண்ணனைக் கட்டிக்கொண்டு, எங்கே போய்விட்டாய், எங்கே போய்விட்டாய் என்று முதுகைத் தடவினார்.

"நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார் பெரியவர்.

"எங்க முடிஞ்சுது? உன் பொண்ணு உட்டாத்தானே!" என்று வெடித்தார் சுல்தான். "நிக்காஹ் ஓதி வெக்கிற ஹஜ்ரத்து வந்துட்டாரு, மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஏழரை வரிக்கும் பாத்தோம். தரைப்பாலம் முழுவிப்போச்சுன்னு சேதி வந்துச்சு. சரி, நீ எழுதின மாதிரி நானே நிக்கறேன்னு சொல்லி, சம்மதம் கேக்க சாட்சிங்களோட உள்ள போனேன்."

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் வழக்கத்தில் பெண்ணிடம் திரைக்கு வெளியே நின்று மூன்று முறை சம்மதம் கேட்பார்கள். பெண் பதில் பேசமாட்டாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எத்தனையோ நிக்காஹ் விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன், வாயைத் திறந்த பெண்ணைப் பற்றி ஒருதரம்கூடக் கேள்விப்பட்டதில்லை.

"மொத தடவ கேட்டவொடனே வாயத் தொறந்துடிச்சு" என்றார் சுல்தான். "'சிச்சா, அத்தா கடல் தாண்டி ஆயிரத்தி எண்ணூறு மைலு ஒரே பகல்ல வந்துட்டாரு. பாக்கி நாப்பத்தி மூணு மைலு. அதுக்கு ஒரு ராத்திரி குடுக்க மாட்டீங்களா?' அப்டின்னு கேட்டுச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியில. மாப்ளகிட்ட போய்ச் சொன்னேன். அவரு ஹஜ்ரத்தப் பாத்து, இருந்துட்டுப் போவட்டுமேன்னுட்டாரு. இந்தக் கணக்கெல்லாம் அதுக்கு எப்டித் தெரிஞ்சுது? வாத்தியாரு எழுதிக் குடுத்த தாள எடுத்து வெச்சிக்கினு மூணு நாளா படிச்சிருக்குது!"

பெரியவர் அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். சத்தமாக அழுதார். நானும் அழுதேன். எல்லப்பன் மட்டும் கூலியை வாங்கிக்கொண்டு, கதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் படகைத் திருப்பினார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. காசிம் மரைக்காயர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். முதல் தடவை குரல் வரவில்லை. ஹஜ்ரத் காத்திருந்தார். இரண்டாம் தடவை வாசல்வரை கேட்டது.

இனி, இந்தப் பாதையில் யாரையாவது அழைத்துவர இருப்பவர்களுக்கு. கடிதத்தில் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று எழுதியிருந்தால் போதாது, நம் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு இறங்கும் என்று எழுதிக் கேளுங்கள். கிழக்கிலிருந்து வருகிறவர் நம் கணக்குக்கு இரண்டு மணி முன்னாலேயே வந்து நிற்பார். ஐப்பசி கார்த்திகையில் பொன்னேரிச் சாலையை நம்ப வேண்டாம். கும்மிடிப்பூண்டி வழி சுற்றுதான், ஆனால் மழையில் ஏரி வழி அடைபடுவதில்லை. இருவருக்கும் எல்லாம் சேர்த்து, டாக்ஸி உட்பட, பதினைந்து ரூபாய்க்குள் முடியும். பழைய சோறு கட்டிக்கொண்டு போவது உத்தமம், சுண்ணாம்புக்குளத்தில் ஒன்றும் கிடைக்காது. மூர் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். எப்படிப் போனாலும் கடைசி நாற்பத்து மூன்று மைலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கியது முதல் இந்தக் கரை சேரும்வரை எங்களுக்கு இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை தண்ணீர் வடிந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் பொன்னேரிக்குக் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஜைனபின் குரல் வந்தது.

"சார், அத்தா அடுத்த மாசம் திரும்பிப் போற ப்ளேனு எத்தன மணிக்கு எறங்கும்னு எழுதிக் குடுங்க."

இந்தத் தடவை தப்பு செய்யக் கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்தேன். மீனம்பாக்கத்தில் காலை ஒன்பது, ஏழரை மணி நேரம், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மாலை ஆறரை, நம் கடிகாரத்தில் நாலரை. இரண்டையும் எழுதிப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"அந்த ஊரு மணி எனக்கு எதுக்கு சார்? நம்ம ஊட்டு கடியாரத்துல சொன்னா போதும்."

ஆறரையை அடித்துவிட்டு, நாலரையை மட்டும் வைத்துத் தாளைக் கதவிடுக்கில் நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. படிக்கிறாள் போலிருக்கிறது.

"அவுரு எறங்கற வரிக்கும் ஓதிக்கினே இருக்கணும், அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். "போன வாட்டி அத்தா போனது கப்பல்ல. அம்மாவும் நானும் எட்டு நாளு ஓதினோம் சார்."